கழுவாமல் பார்த்த கல்

ஊருக்கெல்லாம் "கல்லைக் கழுவிட்டுப் பாருங்க" என்று பாடம் எடுக்கும் மண்ணியல்காரி, தான் மட்டும் கழுவாமல் பார்த்து அறிக்கை எழுதிவிட்டாள். கற்பெட்டிகள் வைக்கும் கொட்டகையின் குழாயில் மூன்று நாளாகத் தண்ணீர் வரவில்லை, மேனேஜரோ அவசரப்படுத்தினார். மாங்கனீசு தேடி நூறு மீட்டர் ஆழத்துக்குத் துளைத்து எடுத்த உருளைக் கற்கள் அறுபத்திரண்டு பெட்டிகளில் செம்புழுதி பூசிக்கொண்டு படுத்திருந்தன. 'மாங்கனீசு வெறும் மேல்தோல், மழைநீர் சேர்த்தது. கீழே முழுக்க மட்டமான இரும்பு. துளையிடுவதை நிறுத்தலாம்' என்று எழுதிக் கொடுத்தாள்.

நிறுத்தினால் கொட்டகையையும் மூடுவார்கள். அங்கே கல் அறுப்பவள் அவளுடைய நாத்தனார், கணவனின் அக்கா. ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்களுக்குள் இது லேசான சங்கதியில்லை.

"மதியம் மேனேஜர் கையெழுத்துப் போடப் போறாராம்," என்றாள் நாத்தனார். "தம்பிகிட்ட சொல்லிட்டேன், நாளையிலேர்ந்து நான் வீட்லதான், மூணு வேளையும் என் சமையல்தான்னு."

"அவர் என்ன சொன்னார்?"

"நல்ல ஓட்டலா விசாரிக்க ஆரம்பிச்சுட்டான்."

மண்ணியல்காரிக்குச் சிரிப்பு பாதியிலேயே நின்றது.

காலையில்தான் தண்ணீர் வந்திருந்தது. போவதற்குள் நாலு கல்லாவது அறுக்கலாமென்று நாத்தனார் ரம்பத்தை ஓட்டினாள். எண்பத்தாறாவது மீட்டர்க் கல்மேல் தண்ணீர் வழிந்தது.

"ஏண்டி, உன் இரும்பு ஏன் இப்படிக் கறுத்துப் போச்சு?"

மண்ணியல்காரி வாங்கிப் பார்த்தாள். சிவப்புக் கோடு, கறுப்புக் கோடு, மறுபடி சிவப்பு, ஒவ்வொன்றும் நகக்கனம். வெள்ளை டைல் சில்லின் சொரசொரப்பான பின்பக்கத்தில் தேய்த்து, கீறல் என்ன நிறமென்று பார்த்தாள். சிவப்பு சிவப்பாக எழுதியது. கறுப்பு கறுப்பாகவே எழுதியது.

"மாங்கனீசு, அண்ணி. மழை செஞ்ச வேலையில்ல. கடலுக்கடியில படிஞ்சது."

"இங்க ஏது கடல்?"

"இருநூறு கோடி வருஷத்துக்கு முன்னாடி இருந்தது. இரும்பு, மாங்கனீசு ரெண்டும் அந்தத் தண்ணில கரைஞ்சே கிடந்தது. ஆக்சிஜன் கொஞ்சம் வந்தாலே இரும்பு துருவாகிப் படிஞ்சிடும். மாங்கனீசு லேசில மசியாது, இன்னும் நிறைய வரணும்."

"எங்கப்பா மாதிரின்னு சொல்லு. எல்லாரும் சாப்பிட உக்காந்தாலும் அவரைத் தனியா நாலு தடவை கூப்பிடணும்."

"அதேதான். ஆக்சிஜன் கூடிக் குறைஞ்சு, மாறி மாறிப் படிஞ்சிருக்கு. தோல்னா சீக்கிரம் முடிஞ்சிடும். இது பாய் விரிச்ச மாதிரி தூரமாப் போகும்."

நாத்தனார் ரம்பத்தை நிறுத்தினாள். "இதைச் சொன்னா உன் பேர் கெட்டுடுமே. எனக்காகச் சொல்றதா இருந்தா வேண்டாம்."

"உங்களுக்காகவும்தான். ஆனா இதைப் பார்த்தப்புறம் சொல்லாம எனக்குத் தூக்கம் வராது, அண்ணி."

மேனேஜர் பேனா மூடியைத் திறந்துகொண்டே உள்ளே வந்தார். மண்ணியல்காரி ஈரக் கல்லை அவர் கையில் வைத்தாள்.

"சார், நான் எழுதினது தப்பு. கழுவாம பார்த்துட்டேன்."

"பன்னிரண்டு வருஷமா அதுக்காக மத்தவங்களைத் திட்டினது நீங்கதானே?"

"ஆமா சார். இனிமே அனுபவத்தோட திட்டுவேன்."

அவர் சிரிக்கவில்லை. கல்லைத் தானே தேய்த்துப் பார்த்தார். இரண்டாவது முறையும் தேய்த்தார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் துளை போடுற மெஷின் இங்கயே இருக்கட்டும். அறுபத்திரண்டையும் கழுவுங்க. இன்னும் ரெண்டு இடத்துல இதே மாதிரி தெரிஞ்சாலும் போதும், அடுத்த துளைக்கு இடம் குறிச்சுக் கொடுங்க."

இரண்டு பேரும் பிரஷ்ஷோடு உட்கார்ந்தார்கள். முதல் மூன்று பெட்டியும் சுத்த இரும்பு. மண்ணியல்காரி அடுத்த பெட்டியை இழுத்தாள். நான்காவதில் நாத்தனார் ஒரு கல்லை இவள் பக்கமாகத் திருப்பி வைத்தாள்; அதிலும் கறுப்புக் கோடு. ஏழாவதில் இன்னொன்று.

மண்ணியல்காரி கையைத் துடைத்துக்கொண்டு, கொட்டகைச் சுவரில் இருந்த வரைபடத்தைக் கழற்றித் தரையில் விரித்தாள்.