கேதம் சொல்ல ஒரு ஆள்

அப்பா இறந்த சேதியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் செலவு, சித்தப்பா சுருளிவேலின் கணக்குப்படி, இரண்டாயிரத்து இருநூறு ரூபாய். ஒரு ஜீப்பு, போய்ச் சொல்ல ஒரு ஆள், அந்த ஆளுக்கு வழியில் ஒரு டீ. பானுப்பிரியா அதைக் காலை ஆறு பத்துக்கு வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டு ஓசியில் கொடுத்துவிட்டாள்.

"ஓசியில வந்த சரக்க எவன் மதிப்பான்? இப்பப் பாரு, ஒங்க மாமன் திருப்பி அனுப்பிட்டான்" என்றார் சித்தப்பா, பந்தல் போடுகிறவனிடமிருந்து கயிற்றைப் பிடுங்கித் தானே இறுக்கிக்கொண்டு. அவருக்கு ஏலக்காய் வியாபாரம். அண்ணன் செத்த அன்றும் வாய் வியாபாரம்தான் பேசியது. கண் மட்டும் வீட்டுக்குள் பார்க்காமல் தப்பித்துக்கொண்டே இருந்தது.

மாமா சின்ராசு அனுப்பியிருந்த குரல் பதிவை அவள் மறுபடியும் காதில் வைத்தாள்.

"ஆத்தா பானு, ஒன் ஸ்டேட்டஸப் பாத்தேன். மொதல்ல நேத்து நீ சுட்ட பணியாரம் வந்துச்சு. அதத் தள்ளுனா எங்க மச்சான் போட்டோ. ஊருல ஒவ்வொருத்தனும் பாத்த மாதிரி நானும் பாத்துக்கிறணுமா? கேதம் சொல்ல ஆளு வரட்டும். வந்தா வர்றேன்."

அதற்கப்புறம் அவர் போனை எடுக்கவில்லை.

சாவுச் சேதியை ஆள் போய் வாயால் சொல்வதற்குத்தான் அந்தப் பக்கம் கேதம் சொல்வது என்று பேர். சம்பந்தக்காரர்களுக்கும் தாய்மாமனுக்கும் அப்படிச் சொன்னால்தான் சொன்னதாக அர்த்தம். பானுப்பிரியாவுக்கு இது தெரியாததல்ல. ஆனால் காலையில் ஒவ்வொருவராகப் போன் செய்து சொல்ல வாய் வரவில்லை. விரல் வந்தது. அப்பாவின் படத்தைப் போட்டு, கீழே 'காசிராஜன், இன்று அதிகாலை' என்று தட்டி அனுப்பினாள். பதினோரு நிமிஷம் கழித்துப் பயந்து அழிப்பதற்குள் அறுபத்து மூன்று பேர் பார்த்துவிட்டார்கள்.

மூன்று மணிக்கு எடுக்க வேண்டும். அதற்குள் மாமா கொண்டுவரும் பிறந்த வீட்டுக் கோடிச்சேலை அம்மாவின் தோளில் விழ வேண்டும். அது விழாமல் பாடை எழாது. மாமாவோ போடிக்கு மேலே மலையில், பூப்பாறைக்குப் பக்கத்தில் ஒரு ஏலத்தோட்டத்தில் கங்காணி. மணி இப்போதே பத்து.

"நான் போறேன்" என்றாள்.

"நல்லாருக்கு. பெத்த மகளே கேதம் சொல்லப் போனான்னு ஊரு சிரிக்கட்டும். வழக்கமில்ல ஆத்தா."

"ஸ்டேட்டஸ் போடுறது மட்டும் வழக்கமா சித்தப்பா? நாந்தான கெடுத்தேன்."

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. காலையிலிருந்து அழுகையைத் தவிர வேறு எதற்கும் கற்பகம் வாய் திறக்கவில்லை.

"அவ போகட்டும். என் தம்பி அவளத்தான் எதிர்பாப்பான்."

யோகராஜின் ஜீப்பு தினமும் தோட்டத்துக்குக் கூலியாட்களை ஏற்றிப்போவது. அன்று ஒரே ஒரு ஆளோடு அது மேலே ஏறியது. அடிவாரத்து முந்தல் தாண்டி வளைவுகள் தொடங்கின. யோகராஜ் ஹாரனைத் தவிர வேறு சத்தம் எழுப்பவில்லை.

போன் மட்டும் மடியில் அதிர்ந்துகொண்டே இருந்தது. ஏலக்காய்க் கடைக்காரர்களின் குரூப்பில் அப்பாவின் படத்தை யாரோ போட்டிருந்தார்கள். கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். நடுவில் ஒருவர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார். கை தவறிப் பட்டிருக்கும். அடுத்தவர், 'ஆழ்ந்த இரங்கல். இன்னைக்கு ரேட்டு என்ன?' என்று ஒரே மூச்சில் முடித்திருந்தார். முப்பது வருஷம் எடைமேடையில் நின்ற அப்பா இதைப் பார்த்தால் சிரித்திருப்பார் என்று தோன்றியது. சிரிப்பு வரப்போய் வேறெதுவோ வந்தது. போனைக் கவிழ்த்து வைத்தாள்.

பத்தாவது வளைவில் சிக்னல் போய், பன்னிரண்டாவதில் திரும்பி வந்தது. வந்ததும் ஊர் குரூப்பில் ஒரு படம் இறங்கியது. போடிமெட்டு டீக்கடை. பெஞ்சில், மப்ளர் சுற்றிய ஒரு ஆள். மடியில் ஜவுளிக்கடைப் பை. டீக்கடைக்காரர் கீழே எழுதியிருந்தார்: 'சின்ராசு அண்ணன் எட்டு மணியிலருந்து இங்கயே உக்காந்திருக்காரு. கேட்டா ஆளு வருதுன்னு சொல்றாரு. யாருப்பா வர்றது?'

பானுப்பிரியா படத்தை யோகராஜிடம் நீட்டினாள். அவன் வண்டியை ஓரங்கட்டிப் பார்த்தான்.

"அடப்பாவி மனுசா, பாதித் தூரம் வந்துட்டு உக்காந்திருக்காரு! முழுசா வந்தா என்னவாம்?"

"சொல்லாம வரக்கூடாதுல்ல."

"அப்ப வராமயே இருக்கணும்."

"வராமலும் இருக்க முடியாதுல்லண்ணே."

யோகராஜ் கியரை மாற்றினான்.

மேலே பனிமூட்டம். மாமா அவளை ஜீப்பிலேயே பார்த்துவிட்டார். எழவில்லை. அவள் எதிரில் வந்து நின்றதும், ஒன்றுமே தெரியாதவர்போல நிமிர்ந்தார்.

"வா ஆத்தா. என்ன சோலியா இந்தப் பக்கம்?"

டீக்கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த கை நின்றது. பானுப்பிரியா வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: விடிந்ததிலிருந்து இதை அவள் ஒருவரிடமும் சொல்லவே இல்லை. தட்டினாள், அழித்தாள், வந்தவர்களுக்குத் தலையசைத்தாள். சொல்லவில்லை.

மாமா காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை.

"மாமா... அப்பா தவறிட்டாரு."

"எப்ப?"

"வெடியகாலம். நாலரை இருக்கும்."

"ராத்திரி சாப்பிட்டாரா?"

"ரெண்டு இட்லி."

"கஷ்டப்பட்டாரா?"

"இல்ல மாமா. தண்ணி கேட்டாரு. கொண்டாந்தேன். குடிச்சிட்டு என் கையப் பிடிச்சாரு. விடுவாருன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்..."

அறுபத்து மூன்று பேரில் ஒருவர்கூட இதைக் கேட்கவில்லை. அவளும் யாருக்கும் சொல்லியிருக்க மாட்டாள். பெஞ்சில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளைபோல் சத்தம் போட்டு அழுதாள். மாமா மப்ளரை உருவி முகத்தில் அழுத்திக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. டீக்கடைக்காரர் அடுப்பைக் குறைத்துவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கொஞ்ச நேரத்தில் மாமா எழுந்தார். பை அவர் கையிடுக்கில் இருந்தது.

"எந்திரி. வெரசாப் போகணும். ஒங்கம்மா தனியா இருக்கும்."

ஜீப்பு இறங்கும்போது அவரே பேசினார்.

"நீ போட்டது தப்புன்னு சொல்லல ஆத்தா. அதப் பாக்காட்டி நான் இந்நேரம் காட்டுக்குள்ளதான் நின்னுருப்பேன். ஆளு தேடி வந்து, நான் சேலை எடுத்து எறங்குறதுக்குள்ள பொழுது சாஞ்சிருக்கும். அது காதுல போடுற சேதி. இது நெஞ்சுல போடுறது. ரெண்டும் வேணும்."

"போன எடுத்திருக்கலாம்ல மாமா."

"எடுத்திருந்தா நீ போன்லயே சொல்லி முடிச்சிருப்ப." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "வேற யாருக்கு வாயால சொல்லணும்? யோசி."

அவள் யோசித்தாள். முந்தல் பால்சாமி, அப்பாவோடு மூட்டை தூக்கியவர், கையில் பட்டன் போன். சிலமலை மொக்கம்மாள் அத்தைக்குப் போன் இருக்கிறது, காது இல்லை. தேவாரத்தில் இருக்கும் பெரியப்பா திருப்பதி—

அங்கே நிறுத்தினாள். பெரியப்பா ஸ்டேட்டஸைப் பார்த்திருந்தார். ஏழு வருஷமாக அப்பாவோடு பேச்சுவார்த்தை இல்லை. கும்பிட்ட கைகூட அனுப்பவில்லை.

"அவரும் எங்கயாவது பெஞ்சுல உக்காந்திருப்பாரா மாமா?"

சின்ராசு பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். யோகராஜ்தான் கண்ணாடியில் அவளைப் பார்த்துச் சொன்னான்: "மூணு மணிக்குள்ள தேவாரம் போயிட்டு வந்துறலாம் தங்கச்சி. வழியிலதான் சிலமலை."

முந்தலில் வண்டி நின்றது. பால்சாமி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அவளே போய்ச் சொன்னாள். இந்தத் தடவை குரல் பாதியில் உடையவில்லை, கடைசியில்தான் உடைந்தது. பால்சாமி சட்டையை மாட்டிக்கொண்டு ஜீப்பின் பின்னால் ஏறினார்.

போடி ஊருக்குள் நுழையும்போது மணி பன்னிரண்டு நாற்பது. வாயால் சொல்ல வேண்டியது நாலு பேருக்கு. சொன்னது ரெண்டு. பாக்கி ரெண்டு.