கடைசிச் சஹன்

லாபிர் மத்திச்சமாகி அன்றோடு இருபத்தொரு நாள். இந்த இருபத்தொரு நாளும் மனிதர் சிரிக்கவில்லை. இதென்ன பெரிய காரியம் என்று கேட்பவர்களுக்கு லாபிரைத் தெரியாது.

மடவளையிலிருந்து மேட்டில் ஏறினால் வருகிற சின்ன ஊர் அது. அங்கே பள்ளிவாசல் காரியங்களை நடத்தும் தலைவருக்குத்தான் மத்திச்சம் என்று பெயர். பழைய மத்திச்சம் இருபத்திரண்டு வருஷம் ஊரை ஆண்டவர். அவருக்கு வாய் நிறையப் பல் இருந்த விஷயமே, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டில் அவர் மௌத்தாகி, உடலைக் குளிப்பாட்டியவர்களுக்குத்தான் தெரியவந்தது. யார் என்ன கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஒருமுறை அசைப்பார். கேட்டவர் அடங்கி வீட்டுக்குப் போய்விடுவார்.

அவருக்குப் பிறகு யார் என்பதில் மேலத் தெருவும் கீழத் தெருவும் முட்டிக்கொண்டன. மேலத் தெருவுக்கு ஹாஷிம் ஹாஜியார்தான் வேண்டும். கீழத் தெருவுக்குச் சாஹுல் ஹமீது முதலாளியை விட்டால் ஆளில்லை. சண்டை முற்றி, கீழத் தெருக்காரர்கள் தனிப் பள்ளி கட்ட நிலம்கூடப் பார்த்துவிட்டார்கள். மூன்று வெள்ளிக்கிழமை கத்திக் களைத்த பிறகு, இரண்டில் எந்தத் தெருவுக்கும் ஆகாதவன் என்று பேர் வாங்காத ஒரே ஆளைப் பிடித்து உட்காரவைத்தார்கள். அவர்தான் லாபிர். கலகெதரப் பக்கம் போய்ப் பாக்கும் மிளகும் வாங்கிக் கண்டிச் சந்தைக்கு வண்டியில் அனுப்புகிறவர். கலியாணமோ கந்தூரியோ, ஊரில் எங்கே சோறு போட்டாலும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கறி வாளியோடு ஓடுவார். கால் ஓடும் வேகத்துக்கு வாயும் ஓடும்.

தலைவர் என்றால் எப்படி இருக்க வேண்டும்? லாபிர் கண்ட தலைவர் ஒருவர்தான். ஆகவே பழைய மத்திச்சத்தை அப்படியே எடுத்து மாட்டிக்கொண்டார். அவருடைய சிவப்புத் துருக்கித் தொப்பியும் வந்து சேர்ந்தது, புருவம்வரை இறங்கியது. லாபிர் மெதுவாக நடந்தார். கண்ணை மூடித் தலையை அசைத்தார். வீட்டில் மனைவி ஸுலைஹாவிடமும் அசைத்தார்.

"என்ன, வயித்து வலியா ஈக்கி?" என்றாள் ஸுலைஹா. "இஞ்சி இடிச்சித் தரட்டா?"

லாபிர் தலையை அசைத்தார். இஞ்சிச் சாறு வந்தது. கண்ணில் நீர் வர அதையும் குடித்து வைத்தார்.

இது வீட்டோடு போயிருந்தால் பரவாயில்லை. பள்ளிவாசல் கந்தூரி விருந்து வந்தது. ஓதி முடிந்ததும் ஆறாறு பேராக ஒரு சஹனைச் சுற்றி உட்கார்ந்து அந்த ஒரே தாம்பாளத்தில் கைபோட்டுச் சாப்பிடுவது வழக்கம். முதல் சஹனில் மத்திச்சம், அவரோடு ஐந்து பேர். அந்த ஐந்து பேர் யார் என்பதில்தான் ஊரின் மானம் மரியாதை எல்லாம் கிடந்தது. மூன்று நாளைக்கு முன் ஹாஷிம் ஹாஜியார் லாபிரின் பாக்குக் கடைக்கு வந்தார். "இந்த வருஷம் முதல் சஹன் மேலத் தெரு அஞ்சு பேருக்கு. சரிதானே?" என்றார். லாபிர் கண்ணை மூடித் தலையை அசைத்தார். அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு சாஹுல் ஹமீது முதலாளி வந்து அதையே கீழத் தெருவுக்குக் கேட்டார். முடியாது என்று சொல்ல வாயைத் திறக்க வேண்டுமே. பழைய மத்திச்சம் வாயைத் திறந்ததில்லையே. தலை தானாக அசைந்துவிட்டது.

அதன் பிறகு மூன்று நாளும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. நிலம் பார்த்து வைத்தவர்களுக்கு ஒரு சாக்குத்தான் தேவை. ஊர் இரண்டாகப் போகிறது, அதுவும் தன் தலையால் போகிறது.

கந்தூரியன்று பள்ளி முற்றத்துப் பந்தலில் பாய் விரித்து முதல் சஹனை இறக்கினார்கள். நெய்ச்சோற்றிலும் ஆட்டுக்கறியிலும் ஆவி பறந்தது. லாபிர் தொப்பியோடு போய் உட்கார்ந்தார். இந்தப் பக்கமிருந்து ஹாஜியாரும் நான்கு பேரும் வந்தார்கள். அந்தப் பக்கமிருந்து முதலாளியும் நான்கு பேரும் வந்தார்கள். ஐந்து இடம், பத்துப் பேர். பத்துப் பேரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். ஹாஜியாரின் முழங்கால் முதலாளியின் மடியில் ஏறி நின்றது.

"மத்திச்சம் எனக்கு வாக்குத் தந்தீக்கிறார்," என்றார் ஹாஜியார்.

"எனக்கும்தான் தந்தீக்கிறார். முழங்கால எடுங்க," என்றார் முதலாளி.

பந்தலே லாபிரைப் பார்த்தது. வேறு வழி தெரியாமல் கண்ணை மூடித் தலையை அசைத்தார். தொப்பி நழுவி வந்து மூக்கில் தங்கியது.

உள்ளே ஒரே இருட்டு. தொப்பியில் பழைய மத்திச்சத்தின் அத்தர் மணத்தது. வெளியே பத்துப் பேர் மூச்சு விடுகிற சத்தம். வயிற்றுக்குள் இருபத்தொரு நாளாகக் கட்டிப்போட்டு வைத்திருந்தது அவிழ்த்துக்கொண்டது. லாபிர் சிரித்தார். தொப்பிக்குள்ளேயே சிரித்தார். தோள் குலுங்க, விலா நோக, கண்ணீர் தாடியில் ஒழுகச் சிரித்தார். திரைக்கு அந்தப் பக்கம் பெண்கள் பகுதியில் ஒருத்தி சிரிக்கத் தொடங்கினாள். ஸுலைஹா என்று கேட்டவுடனே தெரிந்தது.

லாபிர் தொப்பியைக் கழற்றினார்.

"ஹாஜியார், முதலாளி, ரெண்டு பேருக்கும் நான்தான் தலய ஆட்டின. பிழைதான், மாப்புத் தாங்க. வாயத் தொறந்தா மத்திச்சம் போயி லாபிர் வந்துடுவானெண்டு பயந்துட்டேன். மூணு கெழமையா மௌத்தானவரப் போல இருந்து பாத்தேன், ஏலா. ஒரு மனிசன் பசியோட சோத்தப் பாத்துட்டு ஈக்கக்கொள்ள என்னால உட்கார ஏலா. சிரிக்காமலும் ஈக்க ஏலா. இவ்வளவுதான் நான். இந்த ஆள் மத்திச்சத்துக்குக் காணாதெண்டா இந்தா தொப்பி."

யாரும் தொப்பியைத் தொடவில்லை. லாபிர் எழுந்து சாரத்தை மடித்துக் கட்டினார். "மத்திச்சம் இண்டைக்குக் கடைசிச் சஹன்ல. மத்தாக்கள் சாப்பிடுங்க," என்று கறி வாளியைத் தூக்கினார். வாளியின் சூடு கைக்கு ஏறியதும் அப்படி ஒரு சந்தோஷம். மூன்று வாரமாகத் தொலைத்த கையும் காலும் திரும்பக் கிடைத்தன.

ஆனால் ஒருவரும் சோற்றில் கைவைக்கக் காணோம். மத்திச்சம் இல்லாத சஹனில் என்ன மரியாதை?

"அப்ப நானும் கடைசிச் சஹன்லதான்," என்று ஹாஜியார் எழுந்தார்.

"எனக்கு அவசரமில்ல," என்று முதலாளியும் எழுந்தார். மற்ற எட்டுப் பேருக்கும் அவசரமில்லாமல் போயிற்று. பார்த்துக்கொண்டிருந்தபோதே பந்தல் முழுக்க எழுந்து நின்றது. நெய்ச்சோறு ஆறிக்கொண்டிருந்தது.

லாபிர் இந்தத் தடவை தலையை அசைக்கவில்லை. வாயைத் திறந்தார். "கடைசிச் சஹன் பரிமாறுற ஆக்களுக்கு மட்டும்தான்," என்றார்.

அவ்வளவுதான். பத்துப் பேரும் வாளிக்குப் பாய்ந்தார்கள். முதல் சஹனில், விறகு இறக்கிவிட்டு வாசலில் நின்ற வண்டிக்காரர் இருளப்பனும் அவரோடு வந்த ஐந்து பேரும் உட்கார்ந்தார்கள். ஹாஷிம் ஹாஜியார் பிறந்த நாளிலிருந்து வாளி தூக்கியறியாதவர். இருளப்பனுக்குக் கறி வைக்கப் போய்த் தன் சட்டைக்கே பாதியை வைத்தார். முதலாளி பருப்புக் கரண்டியோடு ஓடி வந்து அவர்மேல் மோதினார். திரைக்குப் பின்னால் பெண்கள் தரையில் விழாத குறை.

கடைசிச் சஹனுக்கு மிஞ்சியது அடிப்பிடித்த சோறும் இரண்டு எலும்பும். அதைச் சுற்றிப் பதினொரு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். ஹாஜியாரின் முழங்கால் திரும்பவும் முதலாளியின் மடியில் ஏறியது. இந்த முறை முதலாளி அதன்மேல் தண்ணீர்க் குவளையை வைத்துக்கொண்டார்.

ஹாஜியார் எலும்பைக் கையில் வைத்துக்கொண்டு மெல்லச் சாய்ந்தார். "மத்திச்சம், வார வருஷம் முதல் வாளி மேலத் தெருவுக்குத்தானே?"

பழக்க தோஷம், லாபிரின் கண் மூடப் பார்த்தது. பாதியில் திறந்துகொண்டது.

"ஏலா ஹாஜியார்," என்றார், வாய் நிறையச் சோற்றோடு.

ஹாஜியார் ஒரு கணம் முறைத்தார். பிறகு சிரித்துவிட்டார். மனிதருக்கு முன்பல் இரண்டும் இல்லை என்பது ஊருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.