டாக்ஸி அக்காவின் முழங்கை

டாக்ஸி அக்கா வலது கையை மடக்கிப் போனைக் காதில் வைத்தபோதெல்லாம் அவளுடைய சந்து ஒரு நூல் குறுகியது. குறுகுவது எல்லோருக்கும் தெரிந்திருந்தது, எதனால் என்பதுதான் வெகுகாலம் தெரியவில்லை. வாடகை ஏறுவதைப் பற்றியும் மழை தள்ளிப்போவதைப் பற்றியும் பேசுகிற அதே குரலில் அதையும் பேசிவிட்டு, தோளைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு நடந்தார்கள்.

சந்து பெரிய சாலையில் தொடங்கி, காகிதக் கிடங்கின் பின்பக்கமாகப் போய், கிடங்கின் மூலையில் சட்டென்று வளைந்து, அதற்கப்புறம் இரண்டே வீடுகளோடு முடிந்துவிடும். முகப்பில் டாக்ஸி கம்பெனி. அதன் ஒற்றை ஜன்னலுக்குப் பின்னால் அக்கா உட்கார்ந்து, முழங்கையை மேஜை விளிம்பில் ஊன்றி, கூப்பிடுகிறவர்களுக்கெல்லாம் வண்டி அனுப்பிக்கொண்டிருந்தாள். வேலை முடிந்ததும் அதே கையால் தன் சொந்தப் போனை எடுத்து, கடைசி வீட்டில் இருந்த தங்கச்சியோடு பேச ஆரம்பிப்பாள். நடந்தால் அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் நடக்க மாட்டார்கள். பாசம் என்பது அவர்கள் குடும்பத்தில் போனில் செய்கிற காரியம். அவர்களுடைய அம்மா கூடத்தில் இருந்துகொண்டே சமையலறையில் இருந்த மகளுக்குப் போன் போட்டு உப்பு போட்டாயா என்று கேட்டவள்.

அக்காவின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போன வருடம் சந்துக்குள் தள்ளுவண்டி வருவது நின்றது. பொத்தான் போட வராமல் போன வருடம் சைக்கிள் நின்றது. சாவியைத் திருப்பக் கதவோடு அவள் மல்லுக்கட்டத் தொடங்கியபோது, கடைசிக்கு முந்தின வீட்டில் இருந்த ரொட்டிக்கடைக்காரர் ஒருநாள் காலை வேலைக்குக் கிளம்பி, வளைவு வரை வந்து, இரண்டு சுவர்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வீட்டுக்கே திரும்பிப் போனார். "வயித்தக் கழட்டி வெச்சிட்டுதான் போகணும் போல" என்றார். அன்றிலிருந்து வீட்டுக்குள்ளேயே மாவு பிசைந்தார். அந்த இரண்டு வீடுகளில் மட்டும் விளக்கு மங்கியது, குழாய்த் தண்ணீர் நூலாக வந்தது, யார் சொன்ன செய்தியும் ஒருநாள் பிந்தியே போய்ச் சேர்ந்தது. நகராட்சி இன்ஜினீயர் வந்து அளந்து, எல்லாம் வரைபடப்படி சரியாகத்தான் இருக்கிறது என்றார். அவரை வெளியே இழுக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். கிடங்குச் சுவரை இடித்துப் பார்த்தார்கள். இடித்த அளவுக்கு எதிர்ச்சுவர் முன்னால் வந்து நின்றது.

அந்த நிலைமையில்தான் தங்கச்சி கர்ப்பமானாள். அவள் வயிறு ஒருபக்கம் வளர, சந்து ஒருபக்கம் சிறுத்தது. அவள் புருஷன் எலும்பும் தோலுமான ஆள், எல்லோரும் ஊசி என்றே கூப்பிட்டார்கள். ஊசி ஒருவன்தான் இப்போது வளைவைத் தாண்ட முடிந்தது. பாலும் மருந்தும் உள்ளே போவதும் ரொட்டி வெளியே வருவதும் அவன் மூலமாகத்தான். பிரசவ சமயத்தில் அவளை எப்படி வெளியே கொண்டுவருவது என்று யாருக்கும் தெரியவில்லை. ஏணி வைத்துக் கூரை வழியாக இறக்கலாம் என்றார்கள், ஏணி வளைவில் திரும்பவில்லை. சந்தில் யாராலும் ஒரு இடத்தில் நிலையாக உட்கார முடியாமல் போயிற்று. நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எழுந்தார்கள், எழுந்தவர்கள் வளைவு வரை போய்க் கையை விரித்து அளந்துவிட்டு வந்தார்கள். அக்கா மட்டும் எழவில்லை. தங்கச்சி பயந்துவிடக்கூடாதே என்று பொழுது விடிந்ததிலிருந்து அடையும்வரை அவளோடு பேசிக்கொண்டே இருந்தாள்.

ஒரே ஒருநாள் மட்டும் மரத்த கையைக் காட்ட அக்கா ஆஸ்பத்திரிக்குப் போனாள். கை டாக்டரம்மா அவளுடைய முழங்கையின் உட்புறம் லேசாகத் தட்டியதும் சுண்டுவிரல் வரை ஷாக் அடித்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே ஒரு காகிதத்தைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார், இழுத்ததும் வந்துவிட்டது. எலும்புக்குப் பக்கத்தில் நரம்பு போகிற வழி குறுகிவிட்டது, கை மடங்கும்போதெல்லாம் நசுங்குகிறது, ஆபரேஷன் செய்யாவிட்டால் சதை வற்றிவிடும் என்றார். அக்காவுக்கு அதில் புதிதாக ஒன்றும் படவில்லை. வழி குறுகுவதை அவள் தினமும் பார்க்கிறாள். "தங்கச்சிக்குப் பிரசவம் ஆகட்டும் டாக்டர், அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு, திரும்புகிற வழியிலேயே தங்கச்சியைக் கூப்பிட்டாள்.

உண்மையைக் கண்டுபிடித்தது ஊசியின் சட்டைப் பொத்தான். ஒருநாள் மத்தியானம் பால் பாத்திரத்தோடு அவன் வளைவில் நுழைந்தபோது அக்கா போனை எடுத்தாள். சுவர்கள் அவனைக் கவ்விக்கொண்டன. அவள் பேசப் பேச மேல் பொத்தான் தெறித்தது, பிறகு அடுத்தது. மூச்சு திணற, எங்கிருந்தோ காதில் விழுந்த அவள் பேச்சைக் கேட்டபடி நின்றவனுக்கு ஏதோ புரிந்தது.

"அண்ணி! போன வைங்க!"

"எதுக்கு மாப்ள? இப்பதானே எடுத்தேன்!"

"வைங்கன்னா வைங்க! கைய நீட்டுங்க!"

அவள் கையை நீட்டினாள். சுவர்கள் ஒரு மூச்சு அளவுக்கு விலகின. அவள் மறுபடி மடக்கிப் பார்த்தாள். ஊசி அலறினான். ரொட்டிக்கடைக்காரர் ஜன்னலில் தலையை நீட்டி, "இத்தன வருஷமா என்னைய உள்ள வெச்சிருந்தது உன் வாய்தானா தாயி?" என்று கேட்டார். யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அக்கா கையில் பலகை வைத்துத் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். நீட்டிய கை நாள் முழுக்கத் துடித்தது. எங்கேயாவது மணி அடித்தால் அது தானாகக் காதுக்குப் போகப் பார்த்தது. தூக்கத்தில் கட்டு அவிழ்ந்து கை மடங்கிக்கொண்டது, காலையில் சந்து இன்னும் ஒரு நூல் குறுகியிருந்தது. அந்தப் பக்கம் தங்கச்சி, "அக்கா பேசலேன்னா எனக்குப் பைத்தியம் புடிச்சிடும்" என்று ஊசியிடம் சொல்லியனுப்பினாள். செய்தி ஒருநாள் பிந்தி வந்தது. அதைக் கேட்ட அன்றைக்கே அக்கா ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தாள். சந்து இனி விலகாது, குறுகாமல் நின்றால் போதும் என்று அவள் நினைக்கவில்லை. ஒரு கர்ப்பிணி நிமிர்ந்து நடந்து வருகிற அளவுக்கு அகலம் வேண்டும் என்று டாக்டரம்மாவிடம் கேட்டாள். டாக்டரம்மா, பார்க்கலாம் என்றார்.

கையை மட்டும் மரக்கச் செய்தார்கள். அக்கா விழித்திருந்தாள், நடுவே ஒரு பச்சைத் துணி. அவள் கையில் கத்தி பட்ட நேரத்தில் தங்கச்சிக்கு வலி எடுத்தது. நரம்பின் மேல் தடித்துக் கிடந்த பட்டையை டாக்டரம்மா வெட்டினார். அடியில் நரம்பு ரிப்பனைப்போல நசுங்கிக் கிடந்தது. வெளுத்திருந்ததற்கு மெல்ல நிறம் வந்தது. ரொட்டிக்கடைக்காரர் வீட்டில் விளக்கு பளிச்சென்று எரிந்தது. ஆனால் கையை மடக்கிப் பார்த்தபோது நரம்பு எலும்பின் மேல் ஏறிக் குதித்தது. அந்தக் குதிப்பில் சந்து நடுங்கி, ஜன்னல் கண்ணாடிகள் விரிசல் விட்டன. "இது பழைய இடத்துல நிக்காதும்மா. எடுத்து முன்பக்கம் வெச்சிடறேன்" என்றார் டாக்டரம்மா. "எங்க வேணா வைங்க, சீக்கிரம் வைங்க" என்றாள் அக்கா. அவர் நரம்பை மெதுவாகத் தூக்கி, முழங்கையின் முன்பக்கம் மெத்தென்ற இடத்தில் படுக்க வைத்துத் தையல் போட்டார்.

அப்போது சந்தும் எழுந்து, கிடங்கின் பின்பக்கத்தை விட்டு முன்பக்கம் வந்து படுத்துக்கொண்டது. வளைவே இல்லை. ஆம்புலன்ஸ் நேராக உள்ளே வந்து, தங்கச்சி வீட்டுச் சமையலறைக் கதவில் நின்றது, இனி அதுதான் வாசல். தங்கச்சி நிமிர்ந்து நடந்து வந்து ஏறினாள். ரொட்டிக்கடைக்காரர் ஏற வேண்டிய அவசியமே இல்லாமல் அவரும் ஏறிக்கொண்டார். மாலைக்குள் பெண் குழந்தை பிறந்தது.

இப்போது அந்த இரண்டு வீடுகளுக்கும் அடுப்பைத் தாண்டித்தான் கூடத்துக்குப் போக வேண்டும். விருந்தாளிகள் முதலில் குழம்பைப் பார்த்துவிட்டுத்தான் ஆட்களைப் பார்க்கிறார்கள். யாரும் குறை சொல்வதில்லை. அக்காவின் மோதிரவிரலுக்கு உணர்ச்சி திரும்பிவிட்டது, சுண்டுவிரல் நுனிக்கு இன்னும் இல்லை. கடைசி வீட்டுக் குழாயில் அதனால் தண்ணீர் இன்னும் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. நரம்பு மெதுவாகத்தான் வளரும் என்று டாக்டரம்மா சொல்லியிருப்பதால், தங்கச்சி அடியில் ஒரு வாளியை வைத்திருக்கிறாள்.

அக்கா தினமும் நடந்தே போய்க் குழந்தையைத் தூக்குகிறாள். கம்பெனியில் மட்டும் போனை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். கம்பெனிக்கு இடப்பக்கம் இன்னொரு சந்து இருக்கிறது. அவள் பேச்சு கொஞ்சம் நீண்டால், அங்கே காய் நறுக்கிக்கொண்டிருக்கிற பெண்களில் யாராவது ஒருத்தி, கத்தியைக் கீழே வைக்காமலே, "அக்கா, இங்க இடிக்குது" என்று குரல் கொடுப்பாள். அக்கா போனை வைத்துவிட்டுக் கையை நீட்டுவாள்.