விரல்களுக்குத் தெரிந்த தமிழ்

அக்கா அடித்தது 'நான்' என்று. திரையில் விழுந்தது மூன்று ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும். அழித்துவிட்டு மறுபடி அடித்தாள். மறுபடியும் அதே மூன்று, அதே அரைப்புள்ளி. குற்றம் சாட்டப்பட்டவர் தன் பதிலை 'நான்' என்று தொடங்குவதற்குக்கூட அந்தக் கம்ப்யூட்டர் ஒத்துழைக்கவில்லை. அப்போது மணி பத்து பத்து. பன்னிரண்டுக்குள் பதில் கொடுத்தாக வேண்டும்.

அக்காவும் உதவிக்கு வந்த நானும் இருந்தது பள்ளிக்கூட நூலகத்தில். புத்தகங்கள் கண்ணாடி அலமாரிகளுக்குள் பத்திரமாகப் பூட்டப்பட்டிருந்தன, யாரும் படித்துத் தொலைத்துவிடாதபடி. அக்கா அந்தப் பள்ளியின் அலுவலகத்தில் ஒன்பது வருடமாகத் தட்டச்சர். போன மாதம் பத்தாம் வகுப்பு அறிவியல் கேள்வித்தாள், தேர்வுக்கு முந்தின நாளே பாதி வகுப்பின் கைப்பேசிகளில் வலம் வந்தது. அடித்தது ஒருத்தி, ஆகவே விற்றதும் அந்த ஒருத்திதான் என்று நிர்வாகம் கண்டுபிடித்தது. இந்தத் தர்க்கப்படி, ஊரில் நடக்கும் திருட்டுக்கெல்லாம் பூட்டுச் செய்தவனைப் பிடித்து உள்ளே போடலாம். அவளுடைய கம்ப்யூட்டரைப் பார்சல் மாதிரி பழுப்பு நாடா சுற்றி, சீல் வைத்து, அலமாரியில் பூட்டிவிட்டார்கள். ஆதாரமாம். பதில் எழுத நூலகக் கம்ப்யூட்டர் தரப்பட்டது. கையால் எழுதித் தரக்கூடாது, வீட்டிலிருந்து அடித்துக்கொண்டும் வரக்கூடாது, இங்கேயே விசாரணை அதிகாரியின் கண்முன் அடிக்க வேண்டும் என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள்.

விசாரணை அதிகாரி என்பவர் வேறு ஏதோ பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற ஐயா. நிர்வாகம்தான் கார் அனுப்பி வரவழைத்திருந்தது. அறையின் கோடியில் மின்விசிறிக்குக் கீழே செய்தித்தாளை விரித்துக்கொண்டு, குறுக்கெழுத்துக் கட்டங்களை நிரப்பிக்கொண்டிருந்தார். அவருடைய கண்முன் என்பது அந்தக் கட்டங்கள் வரைதான்.

அக்காவிடம் சொல்வதற்கு ஒரே ஒரு விஷயம் இருந்தது. போன மாதம் ஒரு புதன்கிழமை சாயங்காலம் நாலு இருபதுக்கு நிர்வாகியின் மச்சான் அலுவலகத்துக்கு வந்து அந்தக் கேள்வித்தாளில் ஒரு பிரதி கேட்டார். அவர் டியூஷன் சென்டர் நடத்துகிறவர். அக்கா தர மறுத்தாள். இரண்டு நிமிடத்தில் நிர்வாகியே போனில் வந்து, "அவர் கேட்டா நான் கேட்ட மாதிரி" என்றார். கொடுத்தாள். இது கோப்பில் ஏறிவிட்டால் நாளைக்கு மேலே போய் நின்று பேச ஒரு தாள் இருக்கும். ஏறாவிட்டால், கேள்வித்தாள் திருடி என்ற பெயரோடு வெளியே போக வேண்டியதுதான். அந்தப் பெயருக்கு எந்தப் பள்ளியிலும் வேலை கிடையாது.

கணினி ஆசிரியரைக் கூப்பிட்டோம். மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் ரீஸ்டார்ட் சார். வந்ததும் அவர் கேட்டது, "ரீஸ்டார்ட் பண்ணீங்களா?"

அவரே பண்ணினார். பதினொரு நிமிடம் ஆனது. மறுபடியும் மூன்று எழுத்து, அரைப்புள்ளி.

"தமிழ் போடணும்னா பாஸ்வேர்ட் வேணும். அதுக்குப் பர்மிஷன் வேணும். ஒரு லெட்டர் அடிச்சுக் குடுத்துடுங்க."

"எதுல சார் அடிக்கிறது?" என்றாள் அக்கா.

"இதுலதான்."

"இதுலதான் தமிழ் வரலையே."

"அப்போ இங்கிலீஷ்ல அடிங்க."

அக்கா நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள். "சார், உங்க மாமனாரை மூணு தடவ சாகடிச்சு உங்களுக்கு லீவு லெட்டர் அடிச்சுக் குடுத்தவ நான். அப்ப எந்த பர்மிஷனும் கேக்கல. இப்ப பாஸ்வேர்டப் போடுறீங்களா, இல்ல அவரைக் கூப்பிட்டு உயிரோட இருக்காரான்னு கேக்கட்டுமா?"

குறுக்கெழுத்து ஐயா நிமிர்ந்து பார்த்தார். ரீஸ்டார்ட் சார் இரண்டு முழங்கையாலும் விசைப்பலகையை மறைத்துக்கொண்டு, வங்கிப் பெட்டகத்தைத் திறப்பவர் மாதிரி பாஸ்வேர்டை அடித்தார். அதோடு அவருக்கு வகுப்பு ஞாபகம் வந்துவிட்டது. "மீதியை நீயே பாத்துக்கோப்பா, காலேஜ் படிக்கிறேல்ல" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

காலேஜ் படிக்கிறேன்தான். பட்டியலைத் திறந்தேன். தமிழ் என்ற பெயரில் நாலைந்து இருந்தன. கைப்பேசியில் நான் வைத்திருப்பது எதுவோ அதையே தேர்ந்தெடுத்தேன். சோதனைக்கு 'அக்கா' என்று அடித்தேன். அக்கா என்றே வந்தது. "வந்துருச்சுக்கா!" என்று கத்தினேன். அவள் குறிப்புச் சீட்டில் தேதிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள், தலையை மட்டும் ஆட்டினாள். மணி பத்து ஐம்பது.

"உதவிக்கு வந்தவர் வெளிய இருக்கலாம்" என்றார் ஐயா, கட்டங்களிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வராந்தாவில் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா அடிப்பதை நான் ஒழுங்காகப் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. முதுகு நேராக இருந்தது. பார்வை முழுக்க இடது பக்கம் வைத்திருந்த குறிப்புச் சீட்டில். விரல்கள் யாரோ வேறு ஆளுடையவை போலத் தனியாக ஓடிக்கொண்டிருந்தன. அவள் படித்த டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் திரையே கிடையாது, தாளைப் பார்த்து மெஷினில் அடிக்கத்தான் பழக்கினார்கள். கீழே குனிந்தால் ஸ்கேலால் ஓர் அடி விழுமாம். ஒருமுறை அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு ஒரு விசையைக் குத்துவது தெரிந்தது. மச்சானிடம் வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. நாம் போட்ட தமிழ் என்ன ஓட்டம் ஓடுது பார் என்று கொஞ்சம் பெருமையும்.

பதினொன்று நாற்பதுக்கு விரல்கள் நின்றன. முடித்துவிட்டு முதல் முறையாகத் திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் கண்ணாடியைத் தாண்டி, கதவைத் தாண்டி, அனுமதி கேட்காமல் உள்ளே போய் நின்றேன்.

முதல் சொல் 'எஹ்ட்;' என்று இருந்தது. அதற்குப் பிறகு நாலு பக்கம், அதே வம்சம். எல்லாம் தமிழ் எழுத்துதான். பத்தி பிரித்து, வரி ஒதுக்கி, அத்தனை மரியாதையாக. ஒரு சொல்கூடச் சொல்லில்லை.

"எதடா போட்ட?" குரல் கிசுகிசுப்பாக வந்தது. அவள் கத்தியிருந்தால் தேவலை.

"தமிழ்தான்க்கா."

"யாரோட தமிழ்?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் போட்டது ஒலியை வைத்து எழுதுகிற பலகை. ஆங்கில எழுத்தில் 'அம்மா' என்று அடித்தால் தமிழில் அம்மா. அக்காவினுடையதோ பழைய தட்டச்சு மெஷினின் பலகை. அதில் 'ந' எந்த விசையில் இருக்கிறது என்பதற்கும் அந்த விசையின் மேல் ஆங்கிலத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதற்கும் எந்தச் சொந்தமும் கிடையாது. அந்த ஆங்கிலத்தை அவள் பார்த்ததும் கிடையாது. சோதித்தது என் விரல். அடிக்கப் போவது அவள் விரல். இது ஒரு காலேஜ் மண்டையில் ஏறவில்லை.

"மூணு வருஷமா ஃபீஸ் கட்டுறேன்டா உனக்கு. ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்ல? 'அக்கா, நீ எதுல அடிப்ப?' வாயில என்ன வெச்சிருந்த?"

"நீ ஒரு தடவ திரையைப் பாத்திருக்கலாம்ல?" என்றேன். என் மேல் எனக்கிருந்த கோபத்தை வேறு யார் மேலாவது போட்டாக வேண்டியிருந்தது. சொன்ன வேகத்தில் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. "எந்த விசை எந்த எழுத்துன்னு பாத்துத் திருப்பி மாத்திடலாம்க்கா. ஒரு மணி நேரம் கேளு."

அவள் எழுந்து போய்க் கேட்டாள். "ஐயா, இந்தக் கம்ப்யூட்டர்ல நான் அடிச்சது..."

"கம்ப்யூட்டர் கதையெல்லாம் காலைலயே கேட்டாச்சும்மா." அவர் பேனாவால் ஒரு கட்டத்தைக் கறுப்பாக்கிக்கொண்டிருந்தார். "பன்னெண்டு மணிக்குப் பேப்பர் என் கைக்கு வரணும். ரெண்டு மணிக்கு நிர்வாகிக்கு என் முடிவு போகணும். என்ன அடிச்சிருக்கீங்களோ அதக் குடுங்க, போதும்."

"அதையே குடுக்கவா?"

"அதையேதாம்மா."

அக்கா திரும்பி வந்தாள். முகம் கழுவித் துடைத்தது மாதிரி இருந்தது. "பிரின்ட் போடு" என்றாள்.

"க்கா..."

"போடுடா."

பிரின்டர் நாலு தாளை ஒவ்வொன்றாக, யோசித்து யோசித்து வெளியே தள்ளியது. அக்கா ஒவ்வொரு தாளின் கீழும் நின்றபடியே கையெழுத்துப் போட்டாள். கொண்டுபோய் அவர் செய்தித்தாளின் மேல் வைத்தாள்.

ஐயா கட்டை விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு எண்ணினார். "நாலு பக்கமா? பரவால்லையே." ஓரங்களை மேசையில் தட்டிச் சீராக்கினார். ஒரு பக்கத்தின் நடுவில் கண் போய்த் திரும்பியதைப் பார்த்தேன்; நின்ற மாதிரி இல்லை, பேருந்திலிருந்து கடைப் பலகை பார்ப்பதுபோல. கடைசித் தாளின் அடியில் உருண்டையான, அழகான கையெழுத்தில் எழுதினார்: 'முழுவதும் படித்தேன். விளக்கம் திருப்தி அளிக்கவில்லை.' அதன் கீழ் தன் பெயரைப் போட்டார். எல்லாமாக நாற்பது விநாடி ஆகியிருக்கும்.

"எழுதினதுல குறை சொல்ல முடியாதும்மா, தெளிவாவே எழுதியிருக்கீங்க. ஆனா பாருங்க, குற்றச்சாட்டுக்கு இது பதில் ஆகாது."

"தேதி போடுங்கய்யா."

போட்டார்.

"நேரமும்."

கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பதினொன்று ஐம்பத்தெட்டு என்று போட்டார். ஒன்பது வருடம் என்பது இந்த ஆளுக்கு நாற்பது விநாடி. அவள் சரியாக அடித்திருந்தாலும் அதே நாற்பது விநாடிதான். அந்த ஆளின் செய்தித்தாளைச் சுருட்டி அவர் வாயிலேயே திணிக்க வேண்டும் போலிருந்தது.

அக்கா எதிரிலிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை. உட்கார்ந்தாள்.

"ரெண்டாவது பக்கத்துல புதன்கிழமை சாயங்காலம் நடந்ததை எழுதியிருக்கேன்யா. அதுல எது திருப்தி இல்லைன்னு சொல்லுங்க. சும்மா சொல்ல வேணாம், வாசிச்சே சொல்லுங்க. நான் கேட்டுக்கறேன்."

"அதான் படிச்சாச்சேம்மா."

"இன்னொரு தடவ. என் தம்பியும் கேக்கட்டும்."

அவர் லேசாகச் சிரித்தார், சின்னப் பிள்ளையின் அடத்துக்கு இணங்குபவர் மாதிரி. இரண்டாவது தாளை எடுத்தார். கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தார், பிறகு அருகில் கொண்டுவந்தார். ஆள்காட்டி விரல் முதல் வரியின் தொடக்கத்தில் போய் நின்றது. வாய் ஓர் எழுத்துக்காகத் திறந்தது. அது வரவில்லை, உதடுகள் வேறோர் எழுத்துக்காகக் குவிந்தன. வெளியே மணி அடித்து, வகுப்புகள் திறந்து, பிள்ளைகளின் இரைச்சல் வராந்தா முழுக்க ஓடிவந்தது. விரல் முதல் வரியின் தொடக்கத்திலேயே நின்றிருந்தது.