எவடம் என்று கேட்டது நான்தான்

என் அம்மா ரஞ்சினிக்கு அனிமே பழக்கியது நான்தான். அந்தப் பழியை வேறு யார் தலையிலும் போட முடியாது.

நாங்கள் பார்த்த ஜப்பான் கார்ட்டூன் தொடர், பள்ளிக்கூடத்தில் நடக்கும் காதல் கூத்து. ஒரு பெடியன், ஒரு பெட்டை, ஒரே வகுப்பு. இருவருக்கும் விருப்பம் என்பது பள்ளிக்கூடம் முழுக்கத் தெரியும், அந்த இரண்டு மண்டுகளுக்கு மட்டும் தெரியாது. அவன் சொல்ல வாயைத் திறந்தால் மணி அடிக்கும். மறுபடி திறந்தால் யாராவது சைக்கிளோடு வந்து மோதுவார்கள்.

"உதெல்லாம் சின்னப் பிள்ளையள் பாக்கிறது" என்ற அம்மா, மூன்றாவது எபிசோட்டுக்கு எனக்கு முன்னரே சோபாவில் போய் இருந்தார். ஸ்டுட்கார்ட்டில் இருபத்திரண்டு வருடமாக முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர். ஜெர்மன் குரலில் ஓடினாலும் ஒரு சொல் தப்பாது.

"சொல்லித் தொலையன்ரா! வாயுக்குள்ளை கொழுக்கட்டையே வைச்சிருக்கிறாய்?" என்று டிவியைப் பார்த்துக் கத்துவார். அந்தப் பெட்டையின் தாய் குறுக்கே நின்றபோது அம்மாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். "பிள்ளையள் விரும்பினால் விடுறதுதானே? இவளுக்கு என்ன வந்தது?"

அந்தப் பேச்சை நம்பித்தான் நான் கவிஷனைப் பற்றிச் சொன்னேன். என் வகுப்பு. ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒரே எஸ்-பான் ரயிலில் போய் வருகிறோம். இந்த வருடத்தோடு பள்ளிக்கூடம் முடிகிறது. கடைசியில் நடக்கும் நடன விருந்துக்கு, அபிபாலுக்கு, தன்னோடு வருவாயா என்று போன கிழமை கேட்டான். எட்டு வருடத்துக்குப் பிறகு ஒரு வழியாகக் கேட்டான்! பெயர்களை வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும்.

"தமிழ்ப் பெடியனோ? அப்பாடா!" அம்மா அப்பிள் வெட்டிக்கொண்டே சிரித்தார். "தாய் தகப்பன் ஊரிலை எவடம்?"

"யாழ்ப்பாணம்."

"யாழ்ப்பாணம் பெரிசு பிள்ளை. எந்த ஊர், ஊரிலை எவடம், எந்தக் கோயிலடி எண்டு கேட்டுப் பார். ஆர் கண்டது, எங்கடை சொந்தமாயும் இருக்கும்."

எவ்வளவு இனிமையாகச் சொன்னார் தெரியுமா? கேக் வாங்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போகத்தான் விசாரிக்கிறார் என்று நினைத்தேன். நான் ஒரு விசரி. உடனேயே கவிஷனுக்கு அப்படியே எழுதி அனுப்பினேன். 'எனக்கே தெரியாது, அப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன்' என்று சிரிக்கும் முகத்தோடு பதில் வந்தது. பத்து நிமிடம் கழித்து மூன்று பெயர்கள் மட்டும் வந்தன. ஊர், கோயில், வீடு இருந்த ஒழுங்கை.

வாசித்துக் காட்டினேன். அம்மா கத்தியைக் கீழே வைத்தார்.

"அபிபாலுக்கு உன்ரை சிநேகிதியளோடை போ. அவனோடை வேண்டாம்."

"ஏனம்மா?"

"அவை வேறை ஆக்கள்."

"வேறை ஆக்கள் எண்டால்? சாதியோ?"

"நான் அந்தச் சொல்லை வாயாலை சொன்னனானே?"

"அண்டைக்கு அந்தப் பெட்டையின்ரை தாயை அந்தப் பேச்சுப் பேசினியள்!"

"அது கார்ட்டூன்" என்றார் அம்மா. சொல்லிவிட்டு அப்பிளைத் தட்டில் அடுக்கினார். அந்த நிமிடம் அவரை வெறுத்தேன். இப்போதும் வெறுப்பு முழுதாகப் போகவில்லை.

அடுத்த நாள் காலை கவிஷன் பிளாட்பாரத்தின் அடுத்த கோடியில் நின்றான். ஓடிப் போனேன்.

"சத்தியமா எனக்குத் தெரியாது கவிஷன். அம்மா கேக்கச் சொன்னா, கேட்டுட்டன். அவ என்ன சொன்னாலும் நான் உன்னோடைதான் வருவன்."

"உன்னிலை கோவம் இல்லை தேனுஜா. எனக்கும் எங்கை தெரியும்? சந்தோசமாப் போய் அப்பாட்டை போனை நீட்டினனான்." அவன் கண் சிவந்திருந்தது. "அவர் ரெண்டுதரம் வாசிச்சார். பிறகு குசினிக்குள்ளை போய் அடுப்படியிலை நிண்டார். வெளியிலை வந்து, 'எழுது, உள்ளதை எழுது' எண்டு மூண்டு பேரையும் சொன்னார். நான் அனுப்பினாப் பிறகுதான் ஏன் கேக்கினம் எண்டு விளங்கப்படுத்தினவர்."

"முந்தி ஒருக்காலும் சொல்லேல்லையா?"

"இல்லை. இஞ்சை பிறந்த பிள்ளைக்கு உது தெரியாமலே போகட்டும் எண்டு விட்டவராம். பதினெட்டு வருசமா அம்மாவும் அவரும் வாய் திறக்கேல்லை."

நான் அவன் கையைப் பிடித்தேன். அவன் இழுக்கவில்லை, ஆனால் திருப்பிப் பிடிக்கவும் இல்லை.

"அம்மாவை விடு, பெயரைக் குடுப்பம்" என்றேன். "நாளைக்கு வெள்ளி."

"ஏலாது. அபிபால் அண்டைக்கு மண்டபத்துக்கு அப்பாவும் வருவார், உன்ரை அம்மாவும் வருவா. அவவுக்கு முன்னாலை அவரைக் கொண்டுபோய் நிப்பாட்ட என்னாலை ஏலாது."

ரயில் வந்து கதவுகள் திறந்தன. அவன் ஏறவில்லை.

"இண்டைக்கு விடிய வேலைக்குப் போகேக்கை அப்பா என்ரை அறைக்கு வந்தவர்" என்றான். "'என்னை மன்னிச்சுக்கொள் மகன்' எண்டு சொல்லிப்போட்டுப் போறார். என்னத்துக்கு, தேனுஜா? அவர் என்ன பிழை செய்தவர்?"

கதவு மூடியது, ரயில் எங்கள் இருவரையும் விட்டுவிட்டுப் போனது. அவன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, அடுத்த ரயிலுக்காக மறுபடி அந்தக் கோடிக்கே நடந்தான்.