படகு சாய்ந்த பக்கம்

எங்கள் ஊர் ஆற்றில் பாலம் வருவதற்கு முன் ஒரு படகு ஓடியது. அவ்வளவு மெதுவான படகை உலகம் கண்டிருக்காது. இக்கரையில் முகத்தை மழித்துக்கொண்டு ஏறியவன் அக்கரையில் தாடியோடு இறங்குவான். கதையில்லை, அந்தத் தாடி என்னுடையது.

தச்சுப் பட்டறை வேலைக்குத் தினமும் அதில்தான் போவேன். டிக்கெட் கொடுக்கும் பெண், கொடுத்து முடித்ததும் என் இடப்பக்கம் வந்து உட்காருவாள். பாலம் வந்தது, படகு நின்றது, அவள் குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டது. படகுக்கு இருந்த பொறுமை பாலத்துக்கு இல்லை.

பல வருஷம் கழித்து, நூலகத்துக்குப் புதுக் கட்டடம் கட்டியவர்கள், ஊர் வரலாற்றை நினைவூட்டும்படி என்னிடம் ஒரு பெஞ்சு கேட்டார்கள். வரலாற்றில் கோட்டையெல்லாம் உண்டாம். எனக்குத் தெரிந்தது படகு இருக்கைதான். இருவருக்கு மட்டும் இடம், துடுப்பு வடிவில் கைப்பிடி. இடப்பக்கக் கால்களைக் கொஞ்சம் குட்டையாக அறுத்தேன். படகு அப்படித்தான் சாயும். திறப்பு விழாவுக்குப் பழைய படகுக்காரர்களை அழைக்கிறார்களாம். அவள் வந்து ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்தால் போதும் எனக்கு.

என்னோடு வேலை பார்க்கும் அக்கா மகன் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தான்.

"மாமா, குமிழி ஓரத்துக்கு ஓடுது. கண்ணு போச்சா உங்களுக்கு?"

"வரலாறுடா. அதையெல்லாம் நிமிர்த்தக் கூடாது."

"பக்கத்து ஆள் மேல விழுவாங்களே!"

"விழட்டுமே."

விழாவுக்கு அவள் வரவில்லை. தங்கையை அனுப்பியிருந்தாள். தங்கை இடப்பக்கம் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன், சறுக்கிப்போய் அவர் தோளில் இடித்தேன்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க!"

"நான் இல்லீங்க, பெஞ்சு. அந்தப் படகு இப்படித்தான் சாயும்."

அவர் சிரித்துவிட்டார். "படகா? அது நேராத்தான் போகும்னு அக்கா சொல்லுவா. பக்கத்துல ஒரு தச்சுவேலைப் பையன் மட்டும் சாஞ்சுக்கிட்டே வருவானாம்."

என் அக்கா மகன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அவன் முதுகு குலுங்கியது.

"இப்பவும் சொல்றாங்களா?" என்று கேட்டேன்.

"சொல்லாத நாள் ஏது? முட்டி வலி, பஸ் ஏற முடியல. இல்லேன்னா அவளே வந்திருப்பா."

சட்டைப் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தேன்.

"எவ்வளவு உயரம் இருந்தா உங்க அக்காவுக்கு உக்காந்து எழும்ப சுலபமா இருக்கும்?"

"எதுக்குங்க? வீட்டுல நல்ல நாற்காலி இருக்கே."

"இருக்கட்டும். அதுல ரெண்டு பேர் உக்கார முடியுமா?"