ஏற்கெனவே பெய்த மழைகள்

1

"அந்த வார்த்தைய வாயில எடுக்காதேன்னு சொல்றேன்ல!"

"எந்த வார்த்த? மழையா?"

"பாரு, மறுபடியும் சொல்றா! கொரின் குசெரா, முதல்ல நீ உட்காரு!"

"நான் உட்கார்ந்துதான் இருக்கேன், மிசஸ் வொண்ட்ரா. நீங்கதான் நிக்கறீங்க."

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது இப்படித்தான். பள்ளி உணவகத்தில் பரிமாறும் ஜன்னலின் ஷட்டர் முக்கால்வாசி இறங்கியிருந்தது. உள்ளே நான் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒட்டுக்கேட்டேன் என்று நீங்கள் சொல்லலாம். ஷட்டர் முழுசாக இறங்காது, துரு. அதற்கு நான் பொறுப்பல்ல. நெப்ராஸ்காவின் வில்லோ ஃபோர்க்கில் நானூற்று ஆறு பேர். பத்தொன்பது வருஷமாக அவர்கள் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போடுகிறேன். யார் வீட்டில் சண்டை என்பது, யார் தட்டில் மிச்சம் என்பதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அன்று சண்டை, பள்ளியில் வருஷா வருஷம் ஊரே கூடும் ஹோம்கமிங் விழாவுக்கு இந்த வருஷம் என்ன கருப்பொருளில் அலங்காரம் வைப்பது என்று. மாணவர் மன்றத்தில் ஐந்து பேர். தலைவி கொரின், பதினேழு வயது. பொறுப்பாசிரியை மிசஸ் வொண்ட்ரா. கணக்கு டீச்சர், உரக்கப் பேசினால் பல்செட் லேசாக ஆடும்.

(பல்செட்டை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். அவர் தமிழ் படிக்கப்போவதில்லை. இருக்கட்டும்.)

2

முதலில் நான் எழுதிய ஆரம்பம் வேறு:

"மூன்றாண்டுகளாக வானம் பொய்த்த அந்தப் பூமியில், சோளத் தட்டைகள் முழங்கால் உயரத்திலேயே—"

அடித்துவிட்டேன். வானத்தைப் பற்றி இப்படி எழுதினால் யாரோ இறந்துபோகப் போகிறார்கள் என்று வாசகர் எதிர்பார்ப்பார். இதில் யாரும் சாகவில்லை.

இரண்டாவது ஆரம்பம்:

"கொரின் குசெரா தன் அப்பாவை நேசித்தாள், ஆனால்—"

இதையும் விட்டேன். 'ஆனால்' வரைக்கும் எல்லா மகள்களுக்கும் பொது. அதற்குப் பிறகு என்ன என்று எனக்கே அப்போது தெரியாது.

ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன்.* மழை இல்லாவிட்டால் நம் பக்கம் கழுதைக்குக் கல்யாணம் செய்து ஊரைக் கூட்டுவோம். இங்கே வாயை மூடிக்கொள்வார்கள். வறட்சிக் காலத்தில் மழை என்று பேர் சொன்னால் வருகிற மழையும் திரும்பிப் போய்விடுமாம். "கொஞ்சம் ஈரம் பட்டா தேவல" என்பார்கள். அதையும் பூட்ஸைப் பார்த்துக்கொண்டுதான். சர்ச்சில் பாதிரியார்கூட கடவுளிடம் 'ஈரம்' என்றுதான் கேட்கிறார். கடவுள் விவசாயி இல்லையே, புரிந்ததோ என்னவோ.

* அடிக்குறிப்பு: அடிக்குறிப்பு போடும் அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை. ஆனால் மீபுனைவு என்றால் ஒன்றாவது வேண்டும் என்கிறார்கள்.

3

சண்டைக்கு வருவோம்.

"லாஸ் வேகஸ் வைப்போம்," என்றான் கோல்ட்டன் செர்னி. கால்பந்து அணியின் தலைவன்; உருளைக்கிழங்கு இரண்டு தரம் கேட்பவன்.

"நாலு தரம் வெச்சாச்சு."

"அப்ப பாரிஸ்."

"பாரிஸ்னா, அந்தப் பலகைக் கோபுரத்தையா? போன வருஷம் அதையே ராக்கெட் ஆக்கினோம். அதுக்கு முந்தி கிறிஸ்துமஸ் மரம். அது மேல இனி பெயின்ட் ஒட்டாது, கோல்ட்டன்."

"கடலுக்கடியில?"

"நம்ம ஆத்துல தண்ணி இல்ல, இவனுக்குக் கடல் கேக்குது."

சிரிப்பு. அந்தச் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துதான் கொரின் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு அந்தச் சாமர்த்தியம் உண்டு.

"நான் மழை வரணும்னு கேக்கல, மிசஸ் வொண்ட்ரா. ஏற்கெனவே வந்த மழையத்தான் கேக்கறேன்."

உள்ளே தட்டு அடுக்குவதை நிறுத்தினேன்.

இந்த ஊரில் வீட்டுக்கு வீடு வேலிக்கம்பத்தில் ஒரு மழைமானி அறைந்திருப்பார்கள். மழை விட்டதும் போய்ப் பார்த்து, விதைக் கம்பெனிக்காரன் இலவசமாகக் கொடுக்கும் சட்டைப்பை நோட்டில் தேதி போட்டு அளவை எழுதுவார்கள். அப்பா எழுதியதைப் பிள்ளை தொடர்வான். அந்த நோட்டுகளையெல்லாம் வாங்குவோம் என்றாள் கொரின். ஒரு அங்குல மழைக்கு ஒரு அடி நீலத்தாள் நாடா. ஒவ்வொரு நாடாவிலும் பெய்த தேதி. எல்லாவற்றையும் பள்ளி விளையாட்டுக் கூடத்தின் கூரையிலிருந்து நூல் கட்டி, கை எட்டும் உயரத்தில் தொங்கவிடுவோம்.

பிறகு கோல்ட்டன்:

"எங்க தாத்தா நோட்டு தொள்ளாயிரத்து முப்பத்திநாலுலேர்ந்து இருக்கு. எங்க மழையத் தொங்கவிட்டா மத்தவங்க மழைக்கு இடமே இருக்காது."

"ஆமா, மேகம் உங்க வேலிக்குள்ள மட்டும்தான் இறங்கிச்சு."

"பந்தயம் கட்டறியா?"

வேகஸ் அங்கேயே செத்தது. வாக்கெடுப்பில் ஐந்துக்கு ஐந்து. மிசஸ் வொண்ட்ரா கைப்பையை எடுத்தார்.

"ஏதாவது ஆச்சுன்னா என்னைச் சொல்லக்கூடாது."

"இனிமே என்ன ஆகணும், மிசஸ் வொண்ட்ரா?" என்றாள் கொரின்.

4

இந்த இடத்தில் எனக்குக் கொரினின் மேல் ஒரு சந்தேகம். இவ்வளவு அழகான யோசனை, விழாவுக்காக மட்டுமா?

அவள் அப்பா லைல் குசெரா. ஜூன் இருபதாம் தேதி நூற்று நாற்பது மாடுகளையும் விற்றார், புல் இல்லை. அன்றிலிருந்து காபிக் கடைக்கு வருவதில்லை, சர்ச்சுக்கு வருவதில்லை. தபால் எடுக்கக்கூட ஆளில்லாத நேரம் பார்த்து வந்தார். மாடு விற்றவனை ஊர் ஒன்றும் சொல்லாது. பாவம் என்று பார்க்கும், அவ்வளவுதான். அது போதாதா?

ஹோம்கமிங்கில் ராஜா ராணி தேர்வு நடக்கும் வியாழக்கிழமை, தேர்வுக்கு நிற்கும் பிள்ளையைப் பெற்றவர்தான் கைபிடித்துக் கூடத்தின் நடுவே நடத்தி வர வேண்டும். வேறு எந்த வழக்கத்தை மீறினாலும் இதை மீற மாட்டார்கள். கொரினும் நிற்கிறாள். அம்மா ஒமஹாவில், புதுக் கணவர், புது நாய். ஆக லைல் வரவில்லையென்றால், நானூறு பேர் பார்க்க அவள் தனியாக நடக்க வேண்டும். தனியாக நடந்தவள் என்ற பேர், ராணியானவள் என்ற பேரைவிட இங்கே நெடுநாள் நிற்கும்.

அவர் சொல்லிவிட்டார்: "வேற யாரையாவது கூட்டிக்கோ, கொரி."

மனிதர்களைப் பார்க்க வராதவர் மழையைப் பார்க்கவாவது வருவார் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். (நினைத்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். கேட்டும் பார்த்தேன். "மிஸ், மக்ரோனி இன்னொரு கரண்டி வைங்க" என்றாள். அந்தப் பதிலை வைத்து இதற்குமேல் எழுத முடியாது.)

5

நோட்டுகள் வரத் தொடங்கின. அதோடு ஊரின் மானமும் போகத் தொடங்கியது.

என்னவென்றால், காபிக் கடையில் எல்லோரும் மழையைக் கூட்டித்தான் சொல்லியிருக்கிறார்கள்! "எங்க பக்கம் ரெண்டு அங்குலம்" என்று கோல்ட்டனின் தாத்தா இருபது வருஷமாக அளந்த புகழ்பெற்ற ஒரு மழை, அவர் நோட்டிலேயே ஒன்றேகால்தான். மனைவியிடம் மறைத்ததைக்கூட நோட்டில் மறைக்க முடியவில்லை பாவம். சிலர் நோட்டைத் தர மறுத்தார்கள். எலி தின்றுவிட்டது என்றார்கள். எந்த எலி என்று எனக்குத் தெரியும்.

கொரின் தன் வீட்டு நோட்டைத் தேடினாள். அப்பா நிறுத்தியிருப்பார் என்றுதான் நினைத்தாள். மழைதான் இல்லையே, எழுத என்ன இருக்கிறது? இந்த ஊரில் பெய்த நாளைத்தான் எழுதுவார்கள். பெய்யாத நாளை யாரும் எழுதுவதில்லை.

லாரியின் வெயில் மறைப்புத் தட்டிக்கு உள்ளே செருகியிருந்தது நோட்டு.

ஜூன் மூன்று: 0.
ஜூன் நான்கு: 0.
ஜூன் ஐந்து: 0.

பக்கத்தைத் திருப்பினாள். ஜூலை முழுக்க. ஆகஸ்ட் முழுக்க. தொண்ணூற்றொன்பது பூஜ்யங்கள். மாடு விற்ற அன்றும் ஒரு பூஜ்யம். பக்கத்தில் வேறு ஒரு சொல் இல்லை.

எல்லாவற்றையும் கைகழுவியவர் என்று ஊரும் மகளும் நம்பிய ஆள், தினமும் விடிந்ததும் வேலிவரை நடந்து போயிருக்கிறார். மேகமே இல்லாத வானத்தின் கீழே குனிந்து, குழாய்க்குள் பார்த்து, திரும்பி வந்து எழுதியிருக்கிறார். ஒரு நாள்கூட விடவில்லை.

[இங்கே ஒரு பத்தி இருந்தது. நம்பிக்கை என்றால் என்ன என்று. எடுத்துவிட்டேன். அந்த நோட்டுக்குப் பக்கத்தில் அது நிற்கவில்லை.]

அப்பாவிடம் அவள் ஒன்றும் கேட்கவில்லை. அன்றே எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்துவிட்டு, அதன்பின் தினமும் அவர் காலைக்கடன் முடிப்பதற்குள் லாரிக்குப் போய், அன்றைய பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு வந்தாள். அந்தரங்கத்தைத் திருடுகிறோம் என்று தெரிந்தேதான் செய்தாள். விழாவன்று அவர் பார்த்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும்: கையைப் பிடிப்பார், அல்லது திரும்பவே பேச மாட்டார்.

6

அந்த வியாழக்கிழமையை எழுதப் பத்து நாளாக முயற்சி செய்கிறேன். கிண்டல் செய்தே பழகிய கைக்கு இது வரவில்லை. முடிந்தவரை சொல்கிறேன்.

கூடத்துக்குள் நுழைந்ததும் தலைக்குமேல் தொண்ணூறு வருஷ மழை. ஆயிரக்கணக்கான நீல நாடாக்கள். சில விரல் நீளம், சில ஆளுயரம், ஒன்று மட்டும் தரையைத் தொட்டுச் சுருண்டு கிடந்தது. கதவு திறக்கும்போதெல்லாம் மொத்தமும் சரசரவென்று அசைந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அது மழைச் சத்தம்தான். வாசலில் நின்ற ஒரு கிழவர் உள்ளங்கையை நீட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு, யாராவது கவனித்தார்களா என்று திரும்பினார். நான் கவனித்தேன்.

இந்த ஊர் விவசாயிகள் தொப்பியைக் கழற்றுவது தேசிய கீதத்துக்கும் சாவுக்கும்தான். அன்று ஒவ்வொருவராக உள்ளே வந்து, அண்ணாந்து, கழற்றினார்கள். பிறகு தேட ஆரம்பித்தார்கள்.

"ஏய், இது நம்ம கல்யாணத்தன்னிக்குப் பெஞ்சது!"

"அதான் உன் தம்பி சகதியில விழுந்தானே."

"இது டாமி பொறந்த ராத்திரி. பாலம் முழுகிச்சு பாரு, அது."

மிசஸ் வொண்ட்ரா ஒரு நாடாவின் நுனியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். எந்தத் தேதி என்று எட்டிப் பார்த்தேன். அவர் கணவரைப் புதைத்த நாள். முக்கால் அங்குலம். அந்த வார்த்தையை அவரே சொன்னார்: "அன்னிக்கு மழை." ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் கூடத்தின் நடுவே, பிள்ளைகள் நடந்து வரும் பாதைக்கு மேலே, நாடாவே இல்லை. வெறும் நூல்கள். ஒவ்வொரு நூலிலும் ஒரு சிறிய வெள்ளை அட்டை, அதில் படத்திலிருந்து அச்செடுத்த லைலின் கையெழுத்தில் ஒரு தேதி, ஒரு பூஜ்யம். அன்று காலையதையும் சேர்த்து நூற்றுப் பதினைந்து. இரண்டு பக்கமும் மழை கொட்டி நிற்க, நடுவில் அந்த வெள்ளைப் பாதை.

முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு ஒவ்வொருவராகப் புரிந்துகொண்டார்கள். மழையைக் கூட்டிச் சொன்ன ஊர் அது. மழையே இல்லை என்று ஒருவன் தினமும் எழுதி வைத்திருக்கிறான்.

பேர் வாசித்தார்கள். கோல்ட்டன் தன் அம்மாவோடு நடந்தான். அடுத்தது: "கொரின் குசெரா."

அவள் தனியாக நின்றாள். மூன்று எண்ணும் நேரம். ஐந்து.

வாசல் கதவு திறந்தது. நாடாக்கள் சரசரத்தன. வேலைச் சட்டையோடு லைல். அண்ணாந்து பார்த்தார். தன் கையெழுத்தை ஒரு மனிதன் கூரையில் பார்க்கும்போது முகம் எப்படி இருக்கும் என்று எழுத எனக்குத் தெரியவில்லை. கோபம் என்றுதான் முதலில் நினைத்தேன். கொரினும் அப்படித்தான் நினைத்திருப்பாள், ஒரு அடி பின்னால் வைத்தாள்.

அவர் நடந்து வந்து கையை நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டாள். பாதி வழியில் நின்று ஒரு அட்டையை எட்டித் தொட்டார், நூல் ஆடாமல் நிறுத்தினார். பிறகு குனிந்து மகளின் காதில் ஏதோ சொன்னார்.

7

என்ன சொன்னார்?

சரியாக அந்த நொடியில் பள்ளி வாத்தியக் குழு அடிக்க ஆரம்பித்துவிட்டது. பத்தொன்பது வருஷத்தில் என் காது என்னைக் கைவிட்டது அன்று ஒருநாள்தான்.

டிரம்பெட் வாசித்த பெண் சொல்கிறாள்: "ஒரு நாள்கூட விட்டுப்போகல."

கோல்ட்டன் சொல்கிறான்: "லாரியத் துழாவாத." இவன் சொல்வது உண்மையாக இருக்கவும் வாய்ப்பு உண்டு.

மிசஸ் வொண்ட்ரா, அவர் ஒன்றுமே சொல்லவில்லை, வெறும் மூச்சு என்கிறார்.

மூன்றையும் எழுதிப் பார்த்தேன். முதலாவது போட்டால் வாசகர் அழுவார், இரண்டாவது போட்டால் சிரிப்பார், மூன்றாவது போட்டால் பரிசு கிடைக்கும். உங்களுக்குப் பிடித்ததை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் நான் பார்த்தது: கொரின் தலையாட்டினாள். கையை விடவில்லை. ராணி வேறொருத்திதான் ஆனாள், யார் என்று இப்போது ஞாபகமில்லை.

8

மழை வந்ததா என்று கேட்பீர்கள். பன்னிரண்டு நாள் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, தூசி அடங்கும் அளவுக்கு. அதைக் கதைக்குள் விட எனக்கு மனமில்லை.

கோல்ட்டன் அந்த டிரம்பெட் பெண்ணையே கட்டிக்கொண்டான். மிசஸ் வொண்ட்ரா ஓய்வுபெற்று அரிசோனாவுக்குக் குடிபோனார். வறட்சி தாங்கவில்லை என்று பாலைவனத்துக்குப் போனவர் உலகத்திலேயே அவர் ஒருத்தர்தான். கொரின் லிங்கன் நகரத்துக்குப் படிக்கப் போனாள். யாரையாவது பார்த்து வைத்திருக்கிறாளா என்று அவள் அத்தையிடம் விசாரித்தேன். அத்தை பேச்சை மாற்றினாள், ஆக யாரோ இருக்கிறான். அதற்கடுத்த மார்ச்சில் லைலும் போனார். நிலத்தைப் பக்கத்துக்காரருக்குக் குத்தகைக்கு விட்டு, லிங்கனில் ஒரு கிடங்கில் வேலை.

அடுத்த செப்டம்பரில் ஹோம்கமிங் வாரம் அவருடைய லாரி ஊருக்குள் வந்தது. பள்ளிக்கூடத்துக்கு எதிரே நிறுத்திவிட்டு உள்ளே போனார். ஒரு நாளைக்கு வந்தாரா, ஒரேயடியாக வந்தாரா? குப்பை கொட்டும் சாக்கில் நான் லாரிப் பக்கம் போனேன். பின்பக்கம் உயரமாக ஏதோ அடுக்கியிருந்தது. கட்டில் கால் மாதிரியும் தெரிந்தது, விற்பனைக்குக் கொண்டுவந்த ஏணி மாதிரியும் தெரிந்தது.

சரியாகப் பார்க்க முடியவில்லை. வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. மனிதர் தார்ப்பாய் போட்டு நான்கு மூலையும் இறுக்கிக் கட்டியிருந்தார்.

கயிற்றை அவிழ்ப்பதானால் நீங்கள் அவிழ்த்துப் பாருங்கள். எனக்கு உள்ளே பால் பொங்குகிறது.